அப்லேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, அப்லேஷன் செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி, "ஆபரேஷனா?" என்பதுதான். நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் இல்லை. தொடை இடுக்கில் உள்ள ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, தவறான மின்துடிப்பு கிளம்பும் இடத்தையோ அது ஓடும் பாதையையோ செயலிழக்கச் செய்வார்கள். ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில்தான் பெரும்பாலும் இதுவும் நடக்கும். ஆனால் ஆஞ்சியோவைப் போல மறுநாளே மறந்துவிடக்கூடியது அல்ல. உள்ளே நடக்கும் சில மணி நேரத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அதற்கு முந்திய வாரங்களும் பிந்திய மாதங்களும் நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும்தான் இருக்கின்றன.

உங்களுக்கு வந்திருப்பது எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே எதையும் படிக்க வேண்டாம். "எதிர்வீட்டுக்காரருக்கு ஒரே தடவையில் சரியாகிவிட்டது, மாத்திரைகூட இல்லை" என்ற பேச்சை நம்பி வந்து ஏமாறுபவர்கள் நிறைய. எதிர்வீட்டுக்காரருக்கு இருந்தது வேறு நோயாக இருக்கும்.

அப்லேஷன் செய்யப்படும் கோளாறுகளில் பரவலானவை இரண்டு வகை. ஒன்று, எஸ்.வி.டி. (சுப்ராவென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா). விளக்கு சுவிட்சைப் போட்டதுபோலத் திடீரென்று துடிப்பு நிமிடத்துக்கு 150, 180, சிலருக்கு 200 வரை ஏறும். ஆனால் ஒரே சீராக ஓடும். அதே திடீர்த்தனத்தோடு நின்றுவிடும். இளவயதினருக்கும் வரும். இதயத்தின் நடுவே உள்ள மின்சந்தியிலோ வேறிடத்திலோ பிறவியிலேயே கூடுதலாக ஒரு பாதை இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அந்தப் பாதையை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. பொதுவான எஸ்.வி.டி. வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு நிரந்தரமாகக் குணமாகிறது.

மற்றது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவமனையில் எல்லோரும் ஏ.எஃப். என்பார்கள். இதில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350-க்கு மேல் தாறுமாறாக அதிரும். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துப் பார்த்தால் நாடி எந்தத் தாளத்துக்கும் அடங்காது. அதிரும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர், ஏ.எஃப். தொடங்கும் பொறிகளில் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புகின்றன என்று காட்டினார்கள். அந்த வாய்களைச் சுற்றி வேலி கட்டியதுபோலத் தழும்பு உண்டாக்குவதுதான் இன்றைய ஏ.எஃப். அப்லேஷனின் அடிப்படை. விட்டுவிட்டு வரும் ஏ.எஃப். உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் ஓராண்டு கழித்தும் நன்றாக இருக்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்காமல் இருக்கும் ஏ.எஃப். என்றால் அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. இரண்டாம் முறை தேவைப்படுவது சகஜம்.

ஈ.சி.ஜி. என்னும் சாட்சி

படபடப்பு வந்து போன பிறகு எடுக்கும் ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கும், மருத்துவரும் "டென்ஷன்" என்று அனுப்பிவிடலாம். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அதிகம் நடக்கிறது. ஆகவே படபடப்பு இருக்கும்போதே, எவ்வளவு சிறிய கிளினிக்காக இருந்தாலும் உள்ளே போய் ஈ.சி.ஜி. எடுத்து அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சான ஈ.சி.ஜி. சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால் அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைக்கவும். அடிக்கடி வந்தால், ஈ.சி.ஜி.யைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரமோ அதற்கு மேலோ மாட்டுவார்கள். ஈ.சி.ஜி. பதியும் கைக்கடிகாரம் இருந்தால் அதன் பதிவும் உதவும். "ஒழுங்கற்றது" என்று அது சொல்வதை மட்டும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், பதிவான கோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், முகம் கோணுவது, கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கிளினிக் தேடி அலையாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வேறு காரணம் இருக்கிறதா?

அப்லேஷனுக்கு முன் தைராய்டு பரிசோதனையும், இதயத்தின் அமைப்பைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் கட்டாயம் நடந்திருக்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்து ஏ.எஃப். வந்திருந்தால், தைராய்டைச் சரிசெய்ததும் துடிப்பு தானாகவே நேராகிவிடுவதுண்டு. சிறுவயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ.எஃப். வருவதற்கு வால்வுதான் காரணம்; முதலில் பார்க்க வேண்டியதும் வால்வைத்தான்.

ஏ.எஃப். அப்லேஷன் எல்லோருடைய ஆயுளையும் நீட்டிவிடும் என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளோடு நடந்த கபானா ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. அப்லேஷனுக்கும் மருந்துக்கும் இடையே மரணம், பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. படபடப்பும் களைப்பும் குறைந்து வாழ்க்கை இதமானதில் அப்லேஷன் முந்தியது. இதயத்தின் பம்ப் வலிமை குறைந்தவர்களுக்கு இதைவிடக் கூடுதல் நன்மை இருப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, உங்களுக்குத் தொந்தரவு எவ்வளவு, மருந்து எவ்வளவு கேட்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு. அதேசமயம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. நாளாக ஆக மேலறை விரிந்து தழும்பேறிப் பலன் குறைந்துவிடும்.

மருத்துவமனையும் பணமும்

இதய மருத்துவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை. இதய மின்னியலில் தனிப் பயிற்சி பெற்றவரை, "ஈ.பி. டாக்டர்" என்று கேட்டுப் போக வேண்டும். வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற இடங்களில் இதற்கென்றே பிரிவு உண்டு; சென்னை, கோவை, மதுரையிலும் செய்கிறார்கள். பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். என் வகைக் கோளாறுக்கு இங்கே எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அவசரமானால் இதய அறுவை மருத்துவர் இதே கட்டடத்தில் இருப்பாரா? சொல்லும் தொகையில் உள்ளே செலுத்தும் கதீட்டர் குழாய்களின் விலை சேர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். ஏ.எஃப். செய்ய முப்பரிமாண வரைபடக் கருவியும் விலையுயர்ந்த கதீட்டர்களும் வேண்டியிருப்பதால் எஸ்.வி.டி.யைவிடப் பல மடங்கு செலவாகும். பில்லில் பெரிய தொகை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் சிகிச்சை அதில் எந்தப் பெயரில், எவ்வளவு தொகைக்கு வருகிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டையோடு அந்தச் சாட்சி ஈ.சி.ஜி.யும் வேண்டும், அது இல்லாததால் ஒப்புதல் இழுபடுவதுண்டு. தனியார் பாலிசி என்றால் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். 2024-இல் வந்த விதிப்படி அது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது.

மாத்திரைகள்: அதிகம் குழப்பம் வரும் இடம்

ஏ.எஃப். நோயாளிக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். அசிட்ரோம், வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை உண்டு, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையே வைக்கச் சொல்வார்கள். அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் என்றால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இந்தப் புதிய மாத்திரைகள் சரிவராது. அவர்களுக்குப் பழைய மருந்தே.

"ரத்தக் கசிவு வரும், ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்துங்கள்" என்று பக்கத்து மருந்துக்கடைக்காரரோ உறவினரோ சொல்வார். பல் பிடுங்கியபோது அப்படிச் செய்ததை நினைவுபடுத்துவார். கேட்காதீர்கள். ஏ.எஃப். அப்லேஷனுக்கு முந்திய வாரங்களில் இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருப்பதுதான் பாதுகாப்பு. அன்றைய காலை வேளையை மட்டும் விடச் சொல்லலாம். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இடையில் ஒரு வேளை விட்டுப்போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உணவுக்குழாய் வழியாக எக்கோ செய்து, மேலறையில் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு மேலே போவார்கள். கட்டி இருந்தால் தேதி தள்ளிப்போகும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கீரையை அடியோடு ஒதுக்குவது நம் வீடுகளில் வழக்கம். ஒதுக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் போதும். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, முருங்கை மலிந்த வாரத்தில் தினமும் பொரியல் வைத்தால்தான் ஐ.என்.ஆர். ஆடும். மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகள், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் பட்டியலில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். நாட்டுமருந்துதானே என்று சொல்லாமல் விடுவது ஆபத்து.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை வயிறு காலியாக இருக்கும் சிகிச்சைகளுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சாப்பிடாமல் இருக்கும்போது அவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டக்கூடும். இன்சுலினுக்கும் அன்றைக்குத் தனி அளவு. எஸ்.வி.டி. நோயாளிகளுக்கு வேறொரு விதி: துடிப்பை அடக்கும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் உள்ளே போனபின் கோளாறு வெளிப்படாது. எதை, எந்தத் தேதியில், எந்த வேளையிலிருந்து நிறுத்துவது என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டதை வீட்டுக்குப் போனதும் ஆளுக்கொன்றாகச் சொல்வோம்.

அன்றைய காலை

திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். பால், காபி திட உணவுக் கணக்கில்தான் சேரும். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் வரை இடம் கொடுப்பார்கள். இரு தொடை இடுக்கிலும் முடி மழிப்பார்கள். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பார்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்குபவர்கள் முந்தைய நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தால் கடைசி நேரத் தடுமாற்றம் இருக்காது. மெட்டியும் மூக்குத்தியும் வீட்டிலேயே இருக்கட்டும். கழற்றக்கூடிய பல்செட்டைச் சொல்லிவிடுங்கள். கருத்தரித்திருக்க வாய்ப்பு இருந்தால் எக்ஸ்-ரே காரணமாக முன்பே சொல்லியாக வேண்டும்.

கேத் லேபுக்குள்

அறை நன்றாகக் குளிரும். முதுகிலும் நெஞ்சிலும் ஒட்டுகளை ஒட்டுவார்கள். ஏ.எஃப். என்றால் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கம் கொடுத்துவிடுவார்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். இடது மேலறைக்குப் போக, இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரில் சிறு துளை போடுவார்கள். அது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும்.

எஸ்.வி.டி. என்றால் நீங்கள் விழித்தோ அரைத் தூக்கத்திலோ இருப்பீர்கள். தொடையில் மரத்துப்போகும் ஊசி மட்டும் சுருக்கென்று தெரியும். பிறகு உங்கள் படபடப்பை அவர்களே வேண்டுமென்று வரவழைப்பார்கள். முன்பே தெரியாதவர்கள் இங்கேதான் மிரண்டுபோகிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அது வந்தாக வேண்டும். நிறுத்துவதற்கும் அவர்கள் கையில் வழி இருக்கிறது. "இதே படபடப்புத்தானா?" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள், அது அவர்களுக்கு உதவும். கோளாறான இடத்தை வெப்பத்தால் சுடும்போது நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ தெரியலாம். பொறுத்துக்கொண்டு அசையாமல் இருப்பதைவிட வாய்திறந்து சொன்னால் வலிக்கு மருந்து கொடுப்பார்கள்.

சுடும் முறையில் திசு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறி மின்கடத்தலை நிரந்தரமாக இழக்கிறது. குளிர் பலூன் முறையில் அதே இடம் உறைகிறது. புதிதாக வந்திருப்பது மின்துடிப்பு முறை. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் முதல் ஒப்புதல் பெற்றது. நொடியின் மிகச் சிறிய பகுதியில் உயர் மின்னழுத்தம் பாய்ச்சி இதயத் தசையை மட்டும் குறிவைப்பதால், உணவுக்குழாய்க்கு ஏற்படும் சேதம் குறைவு. விலை அதிகம். அந்த முறை கிடைக்காவிட்டால் சிகிச்சையின் தரம் குறைந்துபோய்விட்டதாக நினைக்க வேண்டாம். கருவியைவிடச் செய்பவரின் கைப்பழக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். தொடையில் ரத்தக்கட்டு சகஜம். ஏ.எஃப். அப்லேஷனில் இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு. உடனே வடித்துச் சரிசெய்வார்கள். பக்கவாதம் அதைவிட அரிது. மின்சந்திக்குப் பக்கத்தில் சுடும் எஸ்.வி.டி. வகையில் மிகச் சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

கட்டிலும் கழிப்பறையும்

முடிந்தபின் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்து, குழாய் போன காலை மடக்காமல் வைத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி எட்டிப் பார்ப்பதுகூடத் தொடையில் அழுத்தம் தரும். இருமலோ தும்மலோ வந்தால் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். ஈரமாக, வெதுவெதுப்பாக ஏதோ ஓடுவதுபோல் தெரிந்தால் தயங்காமல் நர்ஸை அழையுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லோரும் சொல்ல மறந்துவிடும் ஒன்று, குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. ஒரு வாரத்துக்கு அது வேண்டாம். வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுங்கள். முக்காமல் இருக்க மலச்சிக்கலையும் கவனியுங்கள். தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் அந்த வாரம் தூக்கக் கூடாது. இருசக்கர வண்டியை உதைத்துக் கிளப்புவதும் சேர்த்தி. மறுநாள் முதல் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். குளத்திலும் ஆற்றிலும் இறங்க வேண்டாம். வெளியூர்க்காரர்கள் அன்றிரவே பஸ் ஏறாமல் ஒரு நாள் பக்கத்தில் தங்குவது நல்லது.

நீலம்பாரித்த தடம் தொடையில் கீழே இறங்குவது பயப்பட வேண்டியதல்ல. வீக்கம் பெரிதாவதும், தொட்டால் துடிப்பதும், ரத்தம் வடிவதும் வேறு. வடிந்தால் படுத்துக்கொண்டு ஒருவர் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ்.

காய்ச்சல் வந்தால்

ஏ.எஃப். அப்லேஷன் செய்துகொண்டவர்கள் இந்தப் பகுதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டியபடி உணவுக்குழாய் இருக்கிறது. மிக அரிதாக, சூட்டினால் இரண்டுக்கும் இடையே ஓட்டை விழும். அது உடனே தெரியாது; ஒரு வாரத்திலிருந்து சுமார் இரண்டு மாதத்துக்குள் வெளிப்படும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, ரத்த வாந்தி, கை கால் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் சாதாரணக் காய்ச்சல் என்று உள்ளூர் ஊசியோடு நிறுத்தாமல், அப்லேஷன் செய்த மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "எனக்கு இன்ன தேதியில் ஏ.எஃப். அப்லேஷன் நடந்தது, எண்டோஸ்கோப்பி செய்யாதீர்கள், சி.டி. எடுங்கள்." எண்டோஸ்கோப்பியில் செலுத்தும் காற்று இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போகக்கூடும். பல மருத்துவர்களுக்குமே இது அடிக்கடி பார்க்கும் விஷயமல்ல என்பதால் நீங்கள் சொல்வது முக்கியம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் கொடுப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்; வாயு மாத்திரைதானே என்று விடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம்

சுட்ட இடம் ஆறும்வரை இதயம் எரிச்சலோடு இருக்கும். இந்தக் காலத்தில் ஏ.எஃப். திரும்ப வந்தாலும் சிகிச்சை தோற்றது என்று மருத்துவர்கள் கணக்கிடுவதில்லை. முன்பு இதை மூன்று மாதம் என்றார்கள். 2024-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கை எட்டு வாரம் என்கிறது. சில நாள் மூச்சை இழுத்தால் நெஞ்சு வலிக்கலாம். ஓய்வில் நாடி முன்பைவிடப் பத்து துடிப்பு கூடுதலாக ஓடலாம். பலருக்கு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், தீங்கில்லை.

நாடி நேராகிவிட்டது என்று ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறார்கள். குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோரும் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு தொடர்வதா என்பதை அப்லேஷனின் வெற்றி முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பலவீனம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். எழுபது வயதில் சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர், துடிப்பு கடிகாரம்போல ஓடினாலும், பெரும்பாலும் தொடர வேண்டியிருக்கும். உணராமலே ஏ.எஃப். வந்துபோவது உண்டு.

எடையும் குறட்டையும் சேர்ந்துதான் பலனைத் தீர்மானிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் குறைத்துத் தக்கவைத்தவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு கூடியது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மதுவை விட்டாக வேண்டும். காபியை விடச் சொல்லும் உறவினர்களுக்கு மட்டும் தலையாட்டிவிட்டு, காலை டம்ளரைத் தொடரலாம். குடித்தால் படபடக்கிறது என்று உணர்ந்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு அளவான காபி ஏ.எஃப்.பைக் கூட்டுவதாக ஆதாரம் வலுவாக இல்லை.

திரும்ப வந்தால்

ஆறும் காலம் தாண்டியும் ஏ.எஃப். வந்தால் மறுபடி ஈ.சி.ஜி., ஹோல்டர். பெரும்பாலும் முதல் முறை போட்ட வேலியில் எங்கோ ஓர் இடைவெளி விழுந்து, சிரையிலிருந்து மின்துடிப்பு மீண்டும் கசிந்திருக்கும். இரண்டாம் முறையில் அந்த இடைவெளியைத் தேடி அடைப்பார்கள். வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், முதல் முறை எந்தெந்த இடத்தில், எந்த முறையில் செய்தார்கள் என்ற செயல்முறை அறிக்கை தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒரே வரியில்தான் இருக்கும் என்பதால், முழு அறிக்கையை வீட்டுக்குக் கிளம்பும் நாளிலேயே தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.